காஞ்சி மடத்தில் ஒரு படம்

மானாம்பதியைச் சேர்ந்த நமக்குக் காஞ்சிபுரம் என்றால் கோபுரமும் பட்டும்தான் நினைவுக்கு வரும். மேற்குலகக் கிறிஸ்தவர் இன்றும் விவாதிக்கும் நூலொன்றுக்கு அந்நகரில் வித்து விழுந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திலர்.

ஸ்காட்லாந்து திருச்சபையின் ஊழியராக 1936-இல் இந்தியா வந்த லெஸ்லி நியூபிகின், 1939 முதல் 1946 வரை காஞ்சியில் பணியாற்றினார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரைப் பேராயரானார். பாவத்தையும் மீட்பையும் விளக்கும் அவரது அறிமுக நூல், திருச்சபை ஊழியர்களுக்காக முதலில் தமிழிலேயே எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் 1956-இல் வந்தது. 1974-இல் தாயகம் திரும்பியவர் கண்டதோ, கிறிஸ்தவத்தைக் கைவிட்டுவிட்ட இங்கிலாந்தை. பன்மைச் சமூகத்தில் நற்செய்தியின் நிலை குறித்த அவரது பெருநூல் 1989-இல் வெளிவந்தது.

அந்நூலின் தொடக்கப் பகுதியிலேயே காஞ்சி நினைவொன்று இடம்பெறுகிறது. வாரம் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு தரையில் அமர்ந்து உபநிடதமும் நற்செய்தியும் பயின்றார் அவர். மடத்தின் கூடத்தில் சமய ஞானியர் படங்களுக்கிடையே இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அதற்கு வழிபாடும் நடந்தது. கண்டவர் மகிழவில்லை. இயேசு இங்கே ஏற்கப்படவில்லை, வேறொரு கொள்கைக்குள் உள்வாங்கப்பட்டுவிட்டார் என்றே முடிவு செய்தார். நவீன மேற்கும் அதையே செய்கிறது, அங்கே கூடத்தின் பெயர் மட்டும் மதச்சார்பின்மை என்பது நூலின் மையவாதம். நடுநிலை என்று சொல்லிக்கொள்வதும் ஒரு நம்பிக்கையே என்கிறார்.

இந்த வாதத்தை நாம் தயக்கமின்றி ஏற்கலாம். மாமனிதர் வரிசையில் ஒருவராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழும் மேடைகளில் நமக்குள் எழும் நெருடலும் இதுவே. ஆனால் அதே அளவுகோல் நம் பக்கமும் திரும்பும். நாங்களும் ஈஸா நபி (அலை) அவர்களை மதிக்கிறோம் என்று நல்லிணக்கக் கூட்டங்களில் மனநிறைவோடு சொல்கிறோம். சிலுவையும் திரித்துவமும் நீங்கிய அந்த மதிப்பு, கிறிஸ்தவருக்குக் காஞ்சி மடத்துப் படமாகவே தோன்றும். அதை உணராமல் பேசுவது உரையாடல் ஆகாது.

நியூபிகினோடு நாம் வேறுபடும் இடம் பாவக் கோட்பாடு. ஆதம் நபி (அலை) பிழைபொறுக்க வேண்டினார், இறைவன் மன்னித்தான். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது திருக்குர்ஆனின் தெளிவான நிலைப்பாடு. பரம்பரைப் பாவம் இல்லையெனில் பலிக்கும் தேவையில்லை. இந்த வேறுபாட்டைப் புன்னகையால் மூடாமல், அவர்களுடைய நூல்களை அவர்கள் பொருள்கொள்ளும்படியே படித்து, எதிரெதிரே அமர்ந்து பேச வேண்டும். நியூபிகின் அத்துறவியரோடு தரையில் அமர்ந்தது அவ்வாறுதான்.