திருமறையும் திருத்தும் கைகளும்

மறைநூல் இறைவனின் வாக்கு என்பது கிறித்துவர்தம் நம்பிக்கை. ஆயினும், அவ்வாக்கை ஏட்டில் எழுதியோரும் பிறமொழிகளில் பெயர்த்தோரும் மாந்தரே. பிழைபடும் இயல்பினரான மாந்தர் கைவழி வந்த நூலுக்குப் பிழையற்ற அதிகாரம் எங்ஙனம் அமையும்? இவ்வினாவை உரைத்துப் பார்க்கத் தமிழ் விவிலியத்தின் வரலாறே தக்க உரைகல்லாகும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, 1715-இல் முழுமையாக அச்சேறியது. பெப்ரீஷியஸ் பெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரேனியஸ் அதனைத் திருத்த முற்பட்டார். பவர் ஐயர் தலைமையிலான குழுவினரின் பதிப்பு 1871-இல் நிறைவெய்தியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. இறைவனைச் சுட்டும் சொல்லே சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று இப்பதிப்புகளினூடே மாறி வந்திருத்தல் கருதத்தக்கது.

இரேனியஸ் திருத்தப் பணியில் இறங்கியபோது, அதனை வன்மையாக எதிர்த்து நின்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்பெரும் புலவரை மொழிநலம் அறியாதவர் என்று ஒதுக்கிவிட இயலாது. அவர் எதிர்ப்பில் ஓர் உண்மை உண்டு. பிள்ளைப் பருவத்தில் மனப்பாடம் செய்த சொல்லே துன்பம் வந்துற்ற நாளில் நாவில் எழும். அச்சொல்லை அயலார் ஒருவர் அகற்றும்போது, தன் வழிபாட்டையே பறிகொடுத்ததுபோல் எளிய விசுவாசி கலங்குவான். இலக்கண வழு களைவோர் இக்கலக்கத்தை எள்ளி நகைத்தல் முறையன்று.

எனினும், சாஸ்திரியார் காக்க முனைந்த பழைய மொழிபெயர்ப்பும் முந்தைய ஒன்றைச் சீர்செய்து எழுந்ததே. அதனை இயற்றிய பெப்ரீஷியசோ, பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, முதுமையில் கடனுக்காகச் சென்னையில் சிறைப்பட்டவர். அவர் வீழ்ச்சியால் அம்மொழிபெயர்ப்பின் அழகு குன்றவில்லை. அதன் அழகால் அவர் குற்றம் மறைந்துவிடவும் இல்லை. பணி வேறு, பணியாளர் வேறு என்று பிரித்துணர்வதே நடுநிலை. 1871-ஆம் ஆண்டுப் பதிப்பும் இன்று பல சபைகளில் தொடவொண்ணாத் தூய்மை பெற்றுவிட்டது. நேற்றைய திருத்தம் இன்றைய திருமறையாகும் விந்தை இது! பழக்கம் தரும் மதிப்பை இறைவன் தந்த அதிகாரமென மயங்குதல் எத்துணை எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

விவிலியமோ தன் மாந்தரின் குறைகளை மூடி மறைப்பதில்லை. தாவீது அரசனின் பாவத்தை அது விரித்துரைக்கின்றது. பேதுரு தம் தலைவரை மறுதலித்ததையும் ஒளிக்கவில்லை. லூக்கா தாம் யாவற்றையும் ஆராய்ந்து எழுதுவதாகவே தம் நூலைத் தொடங்குகின்றார். அடியார்தம் பிழையை அறிவிக்கத் தயங்காத நூலுக்கு, அதனைப் பெயர்த்தோரையும் விளக்குவோரையும் பிழையற்றவர் எனச் சாதிக்கும் காவல் தேவையன்று.

யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருளைத் தேர்ந்து காண்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி நின்று மறைநூலைப் பயில்வோன் வினவ அஞ்சான். வினவியதால் பத்தி குறைந்ததென வருந்தவும் மாட்டான். தன் விளக்கமே இறைவாக்கு என்று மேடையேறி முழங்குவோனைக் குறித்தே அவன் அஞ்ச வேண்டும். திருத்தத்திற்கு இடந்தந்து நிற்கும் மறையே தலைமுறைகள் தாண்டி வாழும்.