கர்னலும் சூசியும்

1862இல் எமிலி டிக்கின்சன் கவிதை அனுப்பிக் கருத்து கேட்ட ஆள் என்றுதான் ஹிக்கின்சனை எனக்குத் தெரியும். அதே வருடம் அவர், அடிமைகளாக இருந்தவர்களைக் கொண்ட முதல் சவுத் கரோலினா தன்னார்வப் படைப்பிரிவுக்குக் கர்னல் ஆனார். 1870இல் வந்த அவர் நூல் அழகானது. வீரர்களின் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் குறித்திருக்கிறார். ஆனா அந்த அழகுதான் உறுத்துது. வீரர்களைக் குழந்தைகள் மாதிரி ரசிக்கிறார். வெள்ளையருக்கு 13 டாலர், இவர்களுக்குக் கையில் 7 என்ற சம்பள அநியாயத்தை எதிர்த்துப் பத்திரிகைகளுக்கு எழுதியவரும் அவர்தான், அதையும் சொல்லணும்.

அதே படையில் துணி துவைத்த சூசி கிங் டெய்லர் 1902இல் தன் கதையை எழுதினார். வீரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். நாலு வருஷத்துக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்காதவர். வாக்னர் கோட்டைக்கு வெளியே கிடந்த மண்டையோடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடந்ததைச் சில வரிகளில் சொல்லிட்டுப் போயிடுறார். கர்னலா இருந்தா ஒரு பக்கம் எழுதியிருப்பார்.