தறி இல்லாத பொம்மை வீடு

ஐயம்பேட்டையில் என் தங்கை மகள் பொம்மை வீடு கேட்டாள். நான்கு வயது. கடையில் இருந்த மரவீடு என் கைக்கு எட்டவில்லை. மரச்செப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். அடுப்பு, அம்மி, உரல், திருகை, குடம். வீடு என்றால் அடுப்படி மட்டும்தானா? அவள் வீட்டில் பாதி இடம் தறிக்கு. அம்மா தார் சுற்றுகிறாள். கோர்வைச் சேலை என்றால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மறுகரை நாடாவையும் தள்ளுகிறாள். கூலி எழுதுவது அப்பா பெயரில்.

நம் இலக்கியத்தின் பொம்மை வீடு சிற்றில். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கொரு பருவமே உண்டு. ஆனால் கட்டுவதற்கல்ல, சிதைப்பதற்கு. சிறுமியர் மணலில் கட்டியதை அழிக்க வருகிறான் பாட்டுடைத் தலைவன். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதே அவனுக்குப் புகழ். வகுப்பில் இதைக் குறும்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் கண்ணனிடம் அதைத்தான் கேட்கிறாள். ஆனால் ஒரு வேறுபாடு: நாள் முழுக்கக் கட்டியதில் முதுகு வலித்ததையும் சொல்லிவிடுகிறாள். பக்தியை மட்டும் தேடுகிற உரைகள் இந்த முதுகுவலியில் நிற்பதில்லை. எனக்கோ அதுதான் பாட்டின் நடு. சிற்றில் அவளுக்கு விளையாட்டு மட்டுமல்ல, உழைப்பு.

கடைசியில் வீடு காசில்லாமல் கிடைத்தது, சேலை வைக்கும் அட்டைப்பெட்டி. "பெரியம்மா, தறி எங்கே?" என்றாள். உடைந்த நாடா ஒன்றைக் கொடுத்தேன். அடுப்பை ஓரம் தள்ளிவிட்டு, மரப்பாச்சி இரண்டையும் அதன்முன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள்.