குழந்தையும் சித்திரமும்

உயர்ந்த சித்திரங்களைக் குழந்தைகளுக்கு எந்த வயதில் காட்டலாம் என்று சிலர் கேட்கிறார்கள். சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டுவதற்கு நாம் வயது பார்ப்பதில்லை. சித்திரத்துக்கு மட்டும் எதற்காகப் பார்க்க வேண்டும்? வயதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காட்டிவிட்டு நாம் பேசுகிற பேச்சைப் பற்றித்தான் கவலை.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். மோனா லிஸாவின் படத்தைக் குழந்தையின் முன்னால் வைக்கிறார்கள். "உலகத்திலேயே பேர் போன படம் இது. எழுதினவர் லியனார்டோ டாவின்ஸி. பாரிஸிலே லூவர் மியூசியத்தில் இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்!" இரண்டு நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. மறுநாள் விருந்தாளி வந்தால் குழந்தை அப்படியே ஒப்பிக்கிறது. எல்லோருக்கும் பரம திருப்தி.

அந்த அம்மாளுக்குப் புருவம் இல்லாதது குழந்தையின் கண்ணில் பட்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகிற பாதையும், ஆற்றின் மேல் இருக்கிற சின்னப் பாலமும் பட்டிருக்கும். அதைச் சொல்லத்தான் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்தது கணக்கில் சேராது, பெரியவர்கள் சொன்னதுதான் சேரும் என்று அது தெரிந்துகொள்கிறது. இதைச் சின்ன நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. இதே குழந்தைதான் வளர்ந்த பிறகு ஒரு நாவலைப் படித்து முடித்துவிட்டு, அது நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள விமரிசனத்தைத் தேடிக்கொண்டு போகிறது.

இதற்கு மாற்றாக ஒரு முறை உண்டு. நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் 1983 முதல் 1993 வரை கல்விப் பகுதியின் பொறுப்பில் இருந்தவர் பிலிப் யெனவைன். அவரும் அபிகெய்ல் ஹௌஸன் என்ற உளவியல் அறிஞரும் சேர்ந்து அதை வகுத்தார்கள். மொத்தம் மூன்றே கேள்விகள். படத்தில் என்ன நடக்கிறது என்பது முதல் கேள்வி. எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்பது இரண்டாவது. இன்னும் ஏதாவது தென்படுகிறதா என்பது மூன்றாவது. கேட்கிறவர் சித்திரக்காரரின் பெயரையோ, வருஷத்தையோ, கதையையோ தாமாக எடுத்து வைக்கக் கூடாது. சரி என்றும் தப்பு என்றும் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. குழந்தை சொன்னதை வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்லலாம். அவ்வளவுதான்.

இந்த மூன்றில் இரண்டாவது கேள்விதான் உயிரானது. "படம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "ம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தை ஓடிவிடும். "எதைப் பார்த்துச் சொல்றே?" என்று கேட்டால் மறுபடியும் சித்திரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். மனசில் தோன்றியதற்குப் படத்திலேயே சாட்சி தேட வேண்டும். விமரிசனம் என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதும் இந்தக் காரியத்தைத்தான்.

என் தங்கையின் பேத்திக்கு ஐந்து வயது. அவளிடம் பீட்டர் பிரூகல் 1560-இல் எழுதிய 'குழந்தைகளின் விளையாட்டுகள்' என்ற சித்திரத்தைக் காட்டினேன், பெயரைச் சொல்லாமல். மூலம் வியன்னாவில் இருக்கிறது; 5 அடிக்கு மேல் அகலம், 4 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம். ஊர்ச் சதுக்கம் ஒன்றில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள், 80-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். இடது பக்கத்து மூலையில் உட்கார்ந்து ஆடுகிற இருவரைக் காட்டி "அஞ்சாங்கல்!" என்றாள். அவர்கள் கையில் இருப்பது கல் அல்ல, எலும்புத் துண்டு. இருந்தாலும் ஆட்டம் கிட்டத்தட்ட அதேதான். பச்சைக் குதிரையையும் கண்ணாமூச்சியையும் பம்பரத்தையும் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏன் தாத்தா ஒருத்தரும் சிரிக்கலை?"

"எதைப் பார்த்துச் சொல்றே?"

"வளையம் உருட்டறானே, அவனைப் பாருங்க. ஆபீசுக்கு நேரமாச்சுங்கற மாதிரி போறான்."

கலை அறிஞர்கள் இந்தச் சித்திரத்தைப் பற்றி வெகுகாலமாக வாதாடிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். விளையாட்டின் ஆனந்தத்தைப் பிரூகல் எழுதினாரா? அல்லது, பெரியவர்கள் மும்முரமாகச் செய்கிற காரியங்களும் இந்த லட்சணந்தான் என்று கேலி செய்தாரா? குழந்தைகளின் முகங்கள் முதிர்ந்தவர்களின் முகங்கள் போல இறுகிக் கிடப்பது அந்த வாதத்துக்கு ஒரு முக்கியமான காரணம். ஒரு புத்தகமும் படிக்காமல் அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். "இது 'குழந்தைகளின் விளையாட்டுகள்', பார், எவ்வளவு குஷி!" என்று நான் ஆரம்பித்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

இத்தனை மெச்சிய பிறகும், அந்த முறையில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கடைசி வரையில் பெரியவர் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அது நியாயமாக இருக்கலாம். ஆசிரியர் பேசினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். வீட்டிலே மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை "இது யாரு?" என்று கேட்கும்போது, "நீ என்ன நினைக்கிறே?" என்றே திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் அது பேச்சாக இருக்காது, விசாரணையாகிவிடும். இவருக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார் என்பது குழந்தைக்கும் புரியும்.

பிரஸ்ஸல்ஸில் 'இக்காரஸின் வீழ்ச்சி' என்ற சித்திரம் இருக்கிறது. பிரூகல் எழுதிய மூலத்தின் பிரதியாக இருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். முன்னால் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் ஏர் உழுகிறான். ஆட்டிடையன் கோலை ஊன்றிக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்கிறான். ஒருவன் தூண்டில் போடுகிறான். ஒரு கப்பல் போகிறது. அதன் அருகே, தண்ணீருக்கு மேலே, இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. மெழுகு வைத்து ஒட்டிய சிறகோடு பறந்த பையன், சூரியனுக்கு அருகில் போகாதே என்று அப்பா சொன்னதைக் கேளாமல் போய், மெழுகு உருகி விழுந்தான் என்ற கிரேக்கக் கதை அது. எத்தனை உற்றுப் பார்த்தாலும் இந்தக் கதையைக் குழந்தையால் கண்டுபிடிக்க முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

எப்போது சொல்வது என்பதுதான் சூட்சுமம். முதலிலேயே சொல்லிவிட்டால் குழந்தை காலைத் தேடும். கண்டதும் ஆட்டம் முடிந்தது, உழவனை அது பார்க்கப்போவதில்லை. உழவனையும் இடையனையும் கப்பலையும் பார்த்துப் பேசித் தீர்த்து, "யாரோ தண்ணிக்குள்ளே விழுந்துட்டாங்க!" என்று அதுவே கூவுகிற சமயத்தில் கதையைச் சொல்ல வேண்டும். என் பேத்தியிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் உழவனிடம் திரும்பிப் போனாள். "இவன் ஏன் திரும்பியே பார்க்கலை?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை.

முதலில் குழந்தையின் கண், பிறகு அது காட்டும் சாட்சி, அதற்குப் பிறகு நம்முடைய கதை. நாம் பார்த்ததையும் ஒரு கூட்டாளியாகச் சொல்லலாம்; அதைக் குழந்தை மறுத்தால் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். வாரத்துக்கு ஒரு படம், பத்து நிமிஷம் போதும். எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். சித்திரக்காரரின் பெயரும் புகழும் கடைசியில் வரட்டும், குழந்தையே கேட்கும்போது.