கொடியிடையும் பருத்த மேனியும்

நல்லம்பள்ளி வாரச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர் முதலில் அதன் முதுகைத் தடவிப் பார்க்கிறார். சதைப்பிடிப்பு இருந்தால் விலை ஏறுகிறது. அதே ஊரில் பெண் பார்க்க வருகிற வீட்டார் கண்ணாலேயே நிறுத்துவிடுகிறார்கள். இங்கே சதை கூடினால் மதிப்பு இறங்குகிறது, கைக்கூலி ஏறுகிறது. எங்கள் தருமபுரி வட்டாரத்தில் உருது பேசும் முஸ்லிம் வீடுகளும் உண்டு. தமிழ் பேசும் வீடுகளும் உண்டு. ஒன்றில் 'மோட்டி' என்பார்கள். மற்றதில் 'குண்டு' என்பார்கள். சிரிப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

இச்சிரிப்புக்குக் கவிஞர்களைக் குற்றவாளிகளாக்குவது எளிது. பெண்ணின் இடை கொடி என்றும் மின்னல் என்றும், உண்டோ இல்லையோ என ஐயுறத் தக்கது என்றும் பாடியது நம் தமிழ் மரபு. உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் பெண்டிரை வருணிக்குமிடத்து அக்காப்பிய மரபையே கைக்கொண்டார். ஆனால் அதே மரபு தோளை மூங்கிலுக்கு ஒப்பிட்டுப் பருத்ததாகவும் பாடிற்று. ஆகவே புலவர்கள் சதையை வெறுத்தார்கள் என்று சொல்ல இயலாது. அது எங்கெங்கே இருக்கலாம் என்று அவர்களே எல்லை வகுத்துக் கொடுத்தார்கள் என்பதே பொருந்தும். மூன்று பிள்ளைகளைப் பெற்ற பின் ஒரு பெண்ணின் வயிறு எவ்வாறிருக்கும் என்பதற்கு அந்த எல்லைக்குள் இடமே இல்லை. வருணனைத் தலைவிக்கு வயதும் ஏறுவதில்லை, எடையும் ஏறுவதில்லை.

திரைப்படம் அவ்விடத்தை நிரப்பியது, நகைச்சுவையால்! உசிலைமணியின் உடலைக் கண்டு சிரித்தோம். 1982இல் வெளிவந்த 'கோழி கூவுது' முதலிய படங்களில் பிந்து கோஷைக் கண்டு இன்னும் கூடுதலாகச் சிரித்தோம். அவர் நடனம் பயின்ற கலைஞர் என்பது எத்தனை பேர் நினைவில் நின்றது? 2025 மார்ச்சில் அவர் மறைந்தபோது அவருடைய பருமனைச் சொல்லியே பலரும் அவரை நினைவுகூர்ந்தனர். பருத்த ஆணுக்காவது படத்தில் முதலாளி வேடம் கிடைக்கும். பருத்த பெண்ணை ஒருவன் விரும்பினால் அந்த விருப்பமே கேலிக்குரியதாகிவிடும்.

இந்த வழக்கத்தை மாற்ற முனைந்ததாகச் சொல்லிக்கொண்டு 2015 நவம்பரில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த படம் 'இஞ்சி இடுப்பழகி'. பருத்த உடலுடைய ஒரு பெண். அவளுக்கு எப்படியேனும் மாப்பிள்ளை தேடிவிடத் துடிக்கும் தாய். மெலிய வைப்பதாக ஏமாற்றிப் பணம் பறிக்கும் ஒரு நிலையம். நோக்கம் நல்லது, தாயாக வரும் ஊர்வசியின் பதற்றம் நம் வீட்டுக் கூடங்களில் கேட்பதுதான். ஆயினும் கதை பாதிவழியில் நிலையத்தின் மோசடியைப் பிடிக்க ஓடிவிடுகிறது. அப்பெண்ணின் மனம் பின்தங்கிவிடுகிறது. மேலும், அவ்வேடத்துக்காக அனுஷ்கா தம் எடையைக் கூட்டிக்கொண்டார் என்பதே பெருஞ்செய்தியாயிற்று. மீண்டும் மெலிவார் என்ற உறுதியோடுதான் மக்கள் அவரைப் பார்த்தார்கள். எப்போதும் பருமனாகவே இருக்கும் ஒரு நடிகையை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நம் பார்வைக்கு உண்மையான சோதனை வைத்திருக்கலாம்.

அச்சோதனையை வைத்தவர் சல்மா. துவரங்குறிச்சியில் பிறந்து, சிறு வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளிருந்தே எழுதிக் கவிஞரானவர். அவருடைய 'இரண்டாம் ஜாமத்துக் கதை' என்னும் கவிதையை நம் வாசகர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். பிள்ளைகள் பிறந்த பிறகான இரவுகள். கணவன் மனைவியின் உடலில் பழைய அழகைத் தேடிக் காணாது அதிருப்தி கொள்கிறான். பெருத்த உடலும் பேறுகாலக் கோடுகள் விழுந்த வயிறும் அவனுக்கு வெறுப்பூட்டுகின்றன. பிள்ளைப்பேறு அவன் உடலில் எந்த அடையாளத்தையும் விட்டுச் செல்லவில்லை; கணக்கெல்லாம் அவள் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொல்ல அவர் கூச்சலிடவில்லை. படுக்கையில் பக்கத்தில் இருப்பவனிடம் தாழ்ந்த குரலில் பேசுவதுபோல் பேசுகிறார். கவிதையின் வலிமை அந்தக் குரலில்தான் இருக்கிறது.

தன் தோல்விக்கு இயற்கையும் உடந்தை என்று அக்குரல் சொல்லுமிடத்தில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை. வயிற்றுக் கோடு துரோகமன்று. அதைத் துரோகமாக உணர வைத்தது அவன் கண்ணல்லவா?

இவையெல்லாம் குடும்பத்தில் பேசத் தகாதவை என்று நம்மில் சிலர் கருதுகிறோம். நாணம் பெரிதுதான். ஆனால் பருத்த மருமகளை விருந்துக் கூட்டத்தில் கேலி செய்யும்போது அந்நாணம் எங்கே போகிறது? ஒருவரையொருவர் எள்ளி நகையாட வேண்டாமென்று விலக்கும் திருமறை, அவ்விடத்தில் பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டுச் சொல்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அவை தராசில் உஹது மலையினும் கனமானவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்ததை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்.

மேடைகளில் அவ்வளவாகக் கேட்காத இன்னொன்றும் உண்டு. பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் நாயகமும் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னாளில் அவர்கள் உடல் சதை போட்டிருந்த காலத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நாயகம் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடாயிற்று என்று சொன்னார்கள். அபூதாவூதின் தொகுப்பில் உள்ள செய்தி இது. சதை போட்டதை மறைக்காமல் சொல்கிறவர் அன்னையாரே. அச்சொல்லில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. மேனி பருத்த பின்னும் தம்மோடு ஓடிவர அழைக்கும் கணவர் இருந்தார்.

சல்மாவின் கவிதையில் வரும் மனைவியை எவரும் ஓட அழைக்கவில்லை. இரவு இரண்டாம் ஜாமத்தை எட்டுகிறது. சுவர்ப்படத்தில் அதுவரை அசையாதிருந்த புலி அவளை உற்று நோக்குகிறது. கவிதை அங்கே நின்றுவிடுகிறது.