கிராம் கணக்கு

ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் ஏறி ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மேல்குழாயில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக வந்தால் முகம் மலரும். வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களில் அந்த ஆசை உதிரிப் பாகங்களின் பக்கம் திரும்பும். அலுமினிய சீட் போஸ்ட் போய் கார்பன் வரும், எஃகு போல்ட் போய் டைட்டானியம் வரும், கடைசியில் சக்கரங்களும் மாறும். பத்துக் கிலோ வண்டியை ஒன்பதாக்க ஒரு லட்சம் ரூபாயைத் தாராளமாகச் செலவழிக்க முடியும். அந்த ஒரு கிலோ சாலையில் எதைத் திருப்பித் தருகிறது?

ஆள் எழுபது கிலோ, வண்டி பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். பந்தயக்காரர் அல்லாத, ஆனால் நன்றாகப் பழகிய ஒருவர் 150 வாட் வலுவில் விடாமல் மிதித்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்துவிட்டு அதே வலுவில் மிதித்தால் மிச்சமாவது சுமார் இரண்டு நிமிடம். வழியில் பர்லியாறில் டீ குடிக்க நின்றால் அதுவும் போச்சு.

இது மலைக் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நிலைமை இன்னும் மோசம். அவர் செலவழிக்கும் ஏறத்தாழ 150 வாட்டில் நூற்றுப் பத்துக்கு மேல் காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. ஒரு கிலோ குறைந்தால் டயரின் உருளல் தடையில் அரை வாட்கூட மிச்சமாகாது. முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, படபடக்கும் டி-ஷர்ட்டை மாற்றினால் பத்து வாட் மிச்சமாகலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இவ்வளவு சிறிய லாபம் இவ்வளவு பெரிதாகத் தோன்றுவது ஏன்? கை வண்டியை மட்டும் தூக்குகிறது. பத்தில் ஒன்று குறைந்தால் உடனே தெரிகிறது. மலையோ ஆளையும் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்தே எடைபோடுகிறது. எண்பதில் ஒன்று அதற்கு ஒரு பொருட்டல்ல. சுழலும் எடை இரட்டிப்பு எடை என்றொரு வாதம் உண்டு. ரிம்மின் விஷயத்தில் அது ஏறக்குறைய உண்மை, ஆனால் வேகம் எடுக்கும்போது மட்டும். ரிம்களில் 400 கிராம் குறைந்தால் வேகமெடுப்பில் 800 கிராம் குறைந்த பலன் கிடைக்கும். எண்பது கிலோவில் அது ஒரு சதவீதம். ஒரே சீரான வேகத்தில் மேடேறும்போது அந்தச் சலுகையும் இல்லை.

இந்த மோகத்தின் உச்சத்தையும் சரிவையும், ஒரு மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓட்டுவது என்ற சாதனையின் வரலாற்றில் பார்க்கலாம். 1972இல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவருடைய வண்டி ஆறு கிலோவுக்கும் குறைவு. ஹேண்டில்பாரிலும் சங்கிலியிலும்கூடத் துளை போட்டு கிராம் கிராமாகக் குறைத்திருந்தார்கள். அவருக்கு உண்மையில் கைகொடுத்தது அந்தத் துளைகளைவிட, ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் மெல்லிய காற்றுதான் என்பேன். 1984இல் அதே ஊரில் பிரான்செஸ்கோ மோசர் கம்பிகள் இல்லாத மூடிய தட்டுச் சக்கரங்களோடு வந்தார். அவர் வண்டி மெர்க்ஸுடையதைவிடக் கனமானது. ஓடிய தூரம் 51.151 கிலோமீட்டர். இதைவிடத் தெளிவான சாட்சி கிறிஸ் போர்ட்மேன். 1996இல் கைகளை முன்னே நீட்டிய குறுகிய நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டியவர், 2000இல் மெர்க்ஸ் காலத்து பாணி வண்டியில் எட்டியது 49.441. நான்கு வயது கூடியதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்தான். ஆனாலும் ஏழு கிலோமீட்டர் வித்தியாசத்தில் பெரும்பங்கு காற்றுடையது.

சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தய வண்டிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. இன்று தொழில்முறை அணிகளின் பல வண்டிகள் அதைவிடக் கனமாகவே இருக்கின்றன. காற்றை வெட்டும் ஃபிரேமுக்காகவும் டிஸ்க் பிரேக்குக்காகவும் சில நூறு கிராமை அவர்களே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நொடிகளை எண்ணிப் பிழைப்பவர்கள் விட்டுவிட்டதை ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் துரத்துவது வேடிக்கை.

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் தரையைத் தொடும் இடத்தில் தொடங்கலாம். வண்டியோடு வரும் மலிவு டயர் 350 கிராம் இருக்கும். நல்ல பந்தய டயர் 220 கிராமை ஒட்டி இருக்கும். டியூப்பையும் மெல்லியதாக மாற்றினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 400 கிராம் போகும். ஆனால் இங்கே லாபம் எடையில் இல்லை. நல்ல டயரில் உருளல் தடை குறைவதால் 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்து வாட்டுக்கு மேல் மிச்சமாகலாம். கார்பன் சீட் போஸ்ட் எதுவும் இதன் அருகில் வராது.

இன்னொரு மாற்றம் எடையைக் கூட்டுகிறது. பின்சக்கரக் கேசட்டில் பெரிய பல்சக்கரம் 28 பல்லாக இருப்பதை 34 பல்லுக்கு மாற்றினால் நூறு கிராமுக்குள் ஏறும். முன்னால் 34 பல். எட்டு சதவீத ஏற்றத்தில் நம் 150 வாட்காரர் போகும் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். பழைய கேசட்டில் அவர் நிமிடத்துக்கு 53 சுற்று மிதித்து முழங்காலை நோகடித்துக்கொள்வார்; புதியதில் 64. ஊட்டி வழியிலுள்ள குன்னூர் வரை தள்ளாமல் ஏறுவதா, பாதியில் இறங்கித் தள்ளுவதா என்பதை முடிவு செய்வது இந்தப் பற்கள்தான்.

இறக்கத்தையும் யோசிக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கோடு கார்பன் ரிம்மில் நீண்ட மலைப்பாதை இறங்கினால், விடாமல் பிடிக்கும் பிரேக்கின் சூட்டில் ரெசின் இளகி ரிம் கெட்டுப்போகலாம். மிக லேசான பாகங்கள் பலவற்றுக்கு ஓட்டுபவரின் எடை வரம்பு உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அது பொடி எழுத்தில் கிடக்கும். கார்பன் பாகத்தை முறுக்கத்தை அளக்கும் சாவி இல்லாமல் கைப்போக்கில் இறுக்கினால் வெளியே தெரியாத விரிசல் விழலாம்.

எடைப் பித்தர்களைக் கேலி செய்ய எல்லாரும் எடுக்கும் ஆயுதம், ‘முதலில் தொப்பையைக் குறை’ என்பது. இயற்பியலில் சரிதான், கிலோ எங்கே குறைந்தாலும் மலைக்கு ஒன்றே. ஆனால் குறைக்கத் தொப்பையே இல்லாத மெலிந்த பந்தயக்காரரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. பட்டினி கிடந்து குறைத்தால் மிதிக்கும் வலுவும் சேர்ந்து குறையும். மலையேற்றப் பந்தயத்தில் முதலிடத்தை நெருங்குபவருக்கு அந்த ஒரு சதவீதம் பதக்கம், அவர் செலவழிக்கட்டும்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு: எடைக்காக எந்த நல்ல பாகத்தையும் கழற்றாதீர்கள், தேய்ந்தபின் மாற்றும்போது, விலையும் உறுதியும் ஒத்துவந்தால், லேசானதை வாங்குங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருந்து, தினமும் வண்டியைத் தோளில் போட்டு ஏறுகிறவர். அங்கே கை போடும் எடைதான் கணக்கு.