கண்ணே பதில் சொல்லும்

உலகத்திலேயே அழகான கருவி எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ரெடினோஸ்கோப்! கைக்குள் அடங்கும் ஒரு பிடி, மேலே சின்னக் கண்ணாடி, அதிலிருந்து கோடாக விழும் வெளிச்சம். அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் வாயே திறக்க வேண்டாம். அவருக்கு என்ன பவர் தேவை என்று இது காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாம் வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த அக்கா விளக்கை அணைத்துவிட்டு, "தூரத்துல அந்த எழுத்தையே பாரும்மா" என்றார். வெளிச்சக் கோடு என் கண்ணில் அசைந்தது. அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்தார், ஏதோ எண்களை எழுதினார். சோதனைக்கான டிரயல் ஃபிரேமில் அந்த எண்களுக்கான லென்ஸ்களைப் போட்டதும் அட்டையின் கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது. பார்வை தெளிந்த சந்தோஷத்தைவிட, எதுவும் கேட்காமல் இவருக்கு எப்படித் தெரிந்தது என்ற வியப்புதான் பெரிதாக இருந்தது. கேட்டேவிட்டேன். "உன் கண்ணே சொல்லுச்சு" என்றார். என்னை ஆப்டோமெட்ரி படிக்க வைத்தது அந்தப் பதில்தான்.

கண் எப்படிச் சொல்கிறது? கோட்டை அசைத்தால் கண்மணிக்குள் செம்மஞ்சளாக ஒரு ஒளி அசையும். தூரப்பார்வைக் கண் என்றால் கோடு போகும் பக்கமே அதுவும் போகும். கிட்டப்பார்வை அதிகமென்றால் எதிர்ப்பக்கம் ஓடும். சிலிண்டர் பவர் இருந்தால் ஒளி சாய்ந்து நின்று அதன் கோணத்தையும் காட்டும். சரியான லென்ஸ் வந்ததும் ஓட்டம் நின்று, கண்மணி முழுக்க ஒரே வெளிச்சமாக நிறையும். ஆஹா, அந்த நொடி! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. பிறகு நாம் உட்கார்ந்திருக்கும் 67 சென்டிமீட்டர் தூரத்துக்காக ஒன்றரை பவரைக் கழிக்க வேண்டும். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த லென்ஸ் கணக்கு, இங்கே உயிருள்ள கண்ணில் நடக்கிறது. 1873இல் இந்த ஒளியின் ஓட்டத்தைக் கவனித்து எழுதிய பிரெஞ்சு ராணுவக் கண் மருத்துவர் குய்ன்யேவை நினைத்தால் கும்பிடத் தோன்றும்.

கிராமத்துக் கண் முகாம்களில்தான் ரெடினோஸ்கோப்பின் அருமை முழுசாகத் தெரியும். ஒரு முகாமுக்கு மூன்று வயதுக் குழந்தை வந்தது. ஒரு கண்ணை மூடினால் சும்மா இருந்தது. இன்னொன்றை மூடினால் கையைத் தட்டிவிட்டு அழுதது. அந்த அழுகையே பாதிச் சேதி. ரெடினோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு கண்ணில் மட்டும் பெரிய பிளஸ் பவர்! நல்ல கண் ஒன்று இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. மூளை மற்ற கண்ணை ஒதுக்கியே பழகிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் ஒட்டுப்போட்டு மறைத்தால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினோம். ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒரு கண் பரிசோதனை செய்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அதே முகாமில், ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டும் ஒரு அம்மா. வெள்ளெழுத்து. பேத்தி பள்ளிக்கூடம் போகும் முன் நாலைந்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாளாம். அது தீர்ந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். பிளஸ் இரண்டு லென்ஸைப் போட்டு ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தேன். நூலைத்தான் முதலில் பார்த்தார். "ஏ தாயி, நூலு இப்படி முறுக்கிக்கிட்டா இருக்கும்?" அதற்கப்புறம்தான் கோத்தார், ஒரே குத்தில்.

இதெல்லாம் தெரியாமல், "கண்ணாடிக் கடை வேலைக்கா படிச்சே?" என்று உறவினர்கள் கேட்பார்கள். நான் படித்தது நான்கு வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்கப் பயிற்சி. சங்கர நேத்ராலயா 1985இலேயே சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கிவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான மத்தியச் சட்டத்திலும் எங்களுக்கு இடம் உண்டு. இயற்பியலும் உயிரியலும் சேர்ந்து பிடிக்கும் பிள்ளைகளே, மனிதர்களோடு பேசவும் பிடிக்குமென்றால் இதைவிட நல்ல படிப்பு எனக்குத் தெரியவில்லை. சந்தேகமிருந்தால் தெரிந்த ஆப்டோமெட்ரிஸ்ட் யாரிடமாவது போய், ரெடினோஸ்கோப்பை ஒரே ஒரு முறை கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள்.